விரால் விட்டுப்போன கல்

கருங்கல் குளத்துப் பிராணிகளுக்கு ஒரு சபை இருந்தது. குளக்கரையில், பாதி தண்ணீரிலும் பாதி வெளியிலுமாக நான்கு தட்டைக் கற்கள். கல்லுக்கு ஓர் உறுப்பினர். மலைச்சரிவிலிருந்து காட்டுப்பன்றி வந்தது. புதர்க்காட்டிலிருந்து நரி. கரைச் சேற்றிலிருந்து தவளையக்கா. ஆழமான மடுவிலிருந்து விரால். நால்வரும் அவரவர் தொகுதியில் ஓட்டு வாங்கி ஜெயித்தவர்கள். சபாநாயகர் உடும்பு. அதற்கு ஓட்டுக் கிடையாது, முறை தவறாமல் நடத்துவது மட்டும்தான் அதன் வேலை.

அந்தக் கோடையில் பன்றிக்கு ஒரு பேராசை வந்தது. குளத்தின் அடியில் அல்லிக் கிழங்கு கொழுத்துக் கிடந்தது. தண்ணீர் வடிந்தால் அவ்வளவும் அதற்குத்தான்!

"கரையை வெட்டித் தண்ணீரை வெளியே விட வேண்டும்!" என்று சபையில் தீர்மானம் கொண்டுவந்தது பன்றி.

"பாவி! என் குஞ்சுகளுக்கு இன்னும் கால்கூட முளைக்கவில்லை. தண்ணீர் போனால் அவை எங்கே போகும்?" என்று தவளையக்கா பதறியது.

பன்றியும் நரியும் வெட்டலாம் என்றன. விராலும் தவளையக்காவும் கூடாது என்றன. ஓட்டு சரிபாதியானால் தீர்மானம் தோற்றது என்பது அந்தச் சபையின் விதி. தீர்மானம் தோற்றது.

பன்றிக்கு வந்ததே கோபம்! "சேற்றில் புரளும் பயலுக்கெல்லாம் ஒரு கல், ஒரு ஓட்டு!" என்று விராலைப் பார்த்து உறுமிவிட்டுப் போனது.

விராலுக்குச் செவுள் துடித்தது. மானம் மரியாதையோடு வாழ்ந்த மீன் அல்லவா! கல்லைவிட்டு நகராமல் புகைந்துகொண்டிருந்தது. அப்போது பார்த்து மெல்ல அருகில் வந்தது நரி.

"விராலாரே, எனக்கே வயிறு எரிகிறது! நானாக இருந்தால் இப்படி ஒரு பேச்சு வாங்கிய பிறகு இந்தக் கல்லில் உட்காரவே மாட்டேன். ராஜினாமாவை மூஞ்சியில் விட்டெறிவேன்!"

"ராஜினாமாவா?"

"பின்னே? நீங்கள் விலகினால் குளமே கொந்தளிக்கும்! இடைத்தேர்தல் வரும். உங்கள் மடுவில் உங்களை எதிர்த்து நிற்க எவன் இருக்கிறான்? முன்னைவிட அமோகமாக ஜெயித்து வருவீர்கள். பன்றி வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடும்!"

சொல்லும்போதே நரியின் பார்வை மடுவில் துள்ளிய கெண்டைகளின் மேல் போனது. நாக்கால் உதட்டைத் துடைத்துக்கொண்டது. விரால் அதைக் கவனித்ததா? எங்கே கவனிக்கும்! அதன் காதில்தான் வெற்றி முழக்கம் கேட்கத் தொடங்கிவிட்டதே!

மறுநாள் காலை சபை கூடியதும் விரால் தலையை உயர்த்தியது. "நான் ராஜினாமா செய்கிறேன்!"

தவளையக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன தம்பி உளறுகிறாய்?"

உடும்பு நிதானமாகக் கேட்டது. "உம் வாயாலேயே சொன்னீர். சரி. யாராவது மிரட்டினார்களா? ஆசை காட்டினார்களா?"

"என்னை எவன் மிரட்டுவான்? முழுக்க முழுக்க என் சொந்த முடிவு!"

"உச்சி வெயில் வரை அவகாசம் தருகிறேன். அதற்குள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ராஜினாமா இல்லாமல் போகும். உச்சி தாண்டினால் ஏற்றுக்கொண்டு உம் கல்லைக் கவிழ்த்துவிடுவேன். பிறகு நீரே அழுதாலும் நிமிர்த்த முடியாது."

தவளையக்கா துள்ளி விராலின் பக்கத்தில் வந்து விழுந்தது. "தம்பி, உன் காலில் விழுகிறேன்! உனக்குக் கால் இல்லாவிட்டாலும் விழுகிறேன்! அவன் ஒரு சொல் சொல்லிவிட்டான், போகட்டும். நீ இந்தக் கல்லில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால்கூடப் போதும், என் பிள்ளைகள் பிழைக்கும். வாபஸ் வாங்கு!"

விராலின் மனம் சற்று இளகியது. வாயைக்கூடத் திறந்தது. அந்த நேரம் பார்த்தா மடுவிலிருந்து அப்படி ஒரு ஆரவாரம் எழ வேண்டும்!

"விரால் வாழ்க! மானம் காத்த எங்கள் விரால் வாழ்க!" அயிரையும் கெண்டையும் உளுவையும் தண்ணீருக்கு மேலே துள்ளித் துள்ளிக் கூவின. அவற்றுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று நான் சொல்ல வேண்டுமா? கரையில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தது நரி!

இத்தனை கூட்டம் வாழ்த்தும்போது வாபஸ் வாங்குவதா? விரால் வாயை மூடிக்கொண்டது. உச்சி தாண்டியது. உடும்பு தன் தோளைக் கொடுத்து நெம்பி விராலின் கல்லைக் கவிழ்த்தது. பாசி படிந்த அடிப்பக்கம் மேலே வந்தது.

"மடுத் தொகுதி காலி!" என்று உடும்பு அறிவித்தது.

விரால் கம்பீரமாகக் கேட்டது. "இடைத்தேர்தல் எப்போது? நாளைக்கா?"

"நாளைக்கா? இன்றிலிருந்து ஆறு பௌர்ணமிக்குள் நடத்த வேண்டும் என்பது முறை. நாள் குறிக்க வேண்டும். உம் தொகுதிக்காரர் ஒருவர் உம்மை முன்மொழிய வேண்டும். எதிர்த்து நிற்பவருக்கு அவகாசம் தர வேண்டும். அதற்குப் பிறகுதான் ஓட்டு."

"அதுவரை என் கல்?"

"கவிழ்ந்தே கிடக்கும்."

அதற்குள் பன்றி எழுந்து நின்றுவிட்டது. "சபாநாயகர் அவர்களே! கரையை வெட்டும் தீர்மானத்தை இப்போதே மறுபடி ஓட்டுக்கு விடுங்கள்!"

"ஐயையோ!" என்று அலறியது விரால். "நான் எதிர்க்கிறேன்! எதிர்க்கிறேன்!"

"நீர் யார்? உறுப்பினர் மட்டும் பேசலாம்" என்றது உடும்பு.

ஓட்டு எடுத்தது. ஆதரவு இரண்டு. எதிர்ப்பு ஒன்று. அவ்வளவுதான்! நேற்றுத் தோற்ற அதே தீர்மானம், ஒரு வார்த்தைகூட மாறாமல், இன்று ஜெயித்துவிட்டது!

"உடும்பையா, இது நியாயமா?" என்று தவளையக்கா கதறியது.

உடும்பு முகத்தைத் திருப்பிக்கொண்டது. "நியாயம் என்று நான் சொன்னேனா அம்மா? முறைப்படிதான் எல்லாம் நடந்தது."

அன்று மாலையே பன்றிக் கூட்டம் கரையைப் பிளந்தது. தண்ணீர் ஓவென்று வெளியேறியது. தவளையக்கா கால் முளைக்காத தன் குஞ்சுகளை முதுகில் சுமந்து சுமந்து, மேலே ஒரு பாறைக் குழியில் தேங்கியிருந்த தண்ணீரில் விட்டது. பாதிக்கு மேல் வழியிலேயே காய்ந்து போயின. திரும்பி வந்து பார்த்தபோது கிழங்கு தோண்டும் பன்றிகளுக்கு நடுவே நரி நடந்துகொண்டிருந்தது. சேற்றில் துடித்த கெண்டைகளை அது ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றது. இதற்குத்தானா அத்தனை பாடுபட்டாய், சண்டாளா!

விரால் மட்டும் தப்பியது. விரால் சாதி சேற்றுக்குள் புதைந்துகொண்டு மாதக்கணக்கில் உயிர்வாழும். அயிரைக்கும் கெண்டைக்கும் அந்த வித்தை தெரியாதே! விரால் ஒரு வளையில் சுருண்டு கிடந்தது. "இடைத்தேர்தல் வரட்டும். ஜெயித்ததும் முதல் வேலையாகக் கரையை அடைக்கத் தீர்மானம் கொண்டுவருவேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

மூன்றாவது பௌர்ணமியன்று, சொன்ன சொல் தவறாமல் வந்தது உடும்பு. முறை என்றால் முறை! கவிழ்ந்த கல்லின் மேல் ஏறி நின்று கூவியது.

"மடுத் தொகுதி வாக்காளர்களே! இடைத்தேர்தல் தொடங்குகிறது. விராலை முன்மொழிபவர் யார்?"

பதில் இல்லை. குளம் முழுக்கப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

சேற்று வளையிலிருந்து விரால் தலையை நீட்டியது. "கெண்டை! உளுவை! நான்தான் விரால்! ஒரு குரல் கொடுங்கள். ஒரே ஒரு குரல்!"

உடும்பு இரண்டாம் முறை கேட்டது. மூன்றாம் முறையும் கேட்டது. காற்றில் செதில் பறந்ததுதான் மிச்சம்.

கரையில் தவளையக்கா உட்கார்ந்திருந்தது. அதன் அருகில் பிழைத்த குஞ்சுகள், கால் முளைத்து, கொஞ்சமே கொஞ்சம்.

"அக்கா! நீங்களாவது என்னை முன்மொழியுங்கள்!" என்று கெஞ்சியது விரால்.

"நான் வேறு தொகுதி, தம்பி. உன்னை முன்மொழிய உன் தொகுதிக்காரர்தான் வேண்டும்" என்றது தவளையக்கா. "அன்றைக்கு அத்தனை பேரும் உன்னை வாழ்க வாழ்க என்றார்களே!"

விரால் தலையைச் சேற்றுக்குள் இழுத்துக்கொண்டது. உடும்பு கல்லைவிட்டு இறங்கி, அதை நிமிர்த்தாமலே போய்விட்டது.

வாதாட வேண்டிய இடத்தை ரோஷத்தில் விட்டுப் போகிறவன், தன்னை அங்கே அனுப்பியவர்களையே எதிரியின் கையில் விட்டுப் போகிறான்.