சேனைத் தேன் பக்கம்

“பழைய கட்டுரைகளை எப்படி அம்மா விலக்குவது?” என்று கேட்டார் அருணகிரி.

மலையடிவாரத்து மடத்தில் அவருக்கு அதுதான் வேலை. மடம் வருஷக்கணக்காக இணையத்தில் ஏற்றி வைத்த கட்டுரைகளைத் திறந்து பார்த்து, காலம் கடந்ததை எல்லாம் எடுக்க வேண்டும்.

மடத்தை நடத்தும் அம்மையார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பழுத்த இலை ஒன்றைக் கிள்ளித் தூரப் போட்டார்.

புரிந்துவிட்டது என்று அருணகிரி எழுந்து போனார்.

முதலில் மடத்துக்கு வரும் பஸ் பற்றிய கட்டுரையை அழித்தார். அந்த பஸ் எப்போதோ நின்றுவிட்டது. அதை நம்பி வந்தவர்கள் வெயிலில் நடந்து வந்து, மடத்து மோரைக் குடித்துவிட்டு மடத்தையே திட்டினார்கள்.

அடுத்தது சேனைத் தேன். பிறந்த குழந்தையின் நாக்கில் மலைத்தேனைத் தொட்டு வைக்கச் சொல்லி மடமே எழுதியது. அதிகம் பேர் படித்ததும் அதுதான். ஒரு வயது வரை தேன் ஆகாது, உயிருக்கே ஆபத்தாகலாம் என்கிறார்கள் டாக்டர்கள்.

மடத்தின் பெயர் கெட வேண்டாமே என்று சத்தமில்லாமல் அதையும் அழித்தார்.

மறுநாள் காலையில் மயில்சாமி வந்தான். முந்தின நாள்தான் அவனுக்கு மகள் பிறந்திருந்தாள். கையில் புது வெள்ளிக் கிண்ணம்.

“உங்க பக்கத்தைத் தொறந்தனுங்க, வரல. சிக்னல் இல்லைன்னு நெனச்சேன். மச்சான் போன்லயும் வரல. சரி, தேனை மடத்துலயே வாங்கிக்கலாம்னு வந்துட்டனுங்க.”

அருணகிரி அவசரமாக எழுந்தார். தேன் வேண்டாம் என்றார். ஏன் என்றும் விளக்கினார்.

மயில்சாமி சிரித்தான். அவனுடைய அக்கா பிள்ளைகளுக்கு மடத்துக் கட்டுரையைப் படித்துத்தான் தேன் வைத்தார்களாம். அதுகள் இப்போது வீட்டு ஓட்டின் மேல் ஏறிக் குதிக்கின்றனவாம். தேன் தீர்ந்துபோச்சு என்று நேராகச் சொன்னால் ஆகாதா என்று கேட்டுவிட்டு, சந்தையில் பாட்டில் வாங்கிக்கொள்வதாகக் கிளம்பினான்.

அம்மையார் எழுந்து போய் வாசலில் குறுக்கே நின்றார்.

“தம்பி, அதை எழுதச் சொன்னதே நான்தான். தப்பாச் சொல்லிட்டேன். குழந்தைக்குத் தேன் வேண்டாம்.”

மயில்சாமி அவர் முகத்தையே பார்த்தான். சிரிப்பு அடங்கிவிட்டது.

கிண்ணத்தை மெதுவாகச் சட்டைப் பையில் போட்டான். சித்தி மகளுக்கு அடுத்த மாசம் பிரசவம், அவளுக்கும் இந்தக் கட்டுரையைத்தான் அனுப்பி வைத்தேன் என்றான். போனைக் காதில் வைத்தபடியே மலைப் பாதையில் இறங்கிப் போனான்.

அருணகிரியும் வாசலுக்கு வந்தார். குறைப்பட்டுக்கொள்வதுபோலக் கேட்டார்.

“நேற்று நீங்கள் பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டீர்களே அம்மா. நானும் அதைத்தானே செய்தேன்?”

அம்மையார் பாதையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அந்த இலையை யாரும் தின்னிருக்கலையே, அருணகிரி.”

அருணகிரி உள்ளே போய்க் கணினியைத் திறந்தார். அழித்த பக்கத்தை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். பழைய கட்டுரையை முழுக்க எடுத்துவிட்டு, அங்கே பெரிய எழுத்தில் எழுதினார்:

குழந்தைக்குத் தேன் வைக்காதீர்கள். வைக்கச் சொன்னதும் நாங்கள்தான்.