ஊரெல்லாம் ஆவுடையப்பன்

முன்னொரு காலத்தில், பெயர் மறந்துபோன ஒரு நாட்டில், அரசர் ஒருநாள் காலையில் கண் விழித்ததும் ஊரிலுள்ள தெருக்கதவுகள் எல்லாம் பச்சையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்று வைத்தியர் சொல்லியிருந்தார். மறுநாளே முரசறைந்து ஆணை போட்டுவிட்டார்கள்.

அந்த நாட்டில் ஆவுடையப்பன் என்று ஒருவர் இருந்தார். அரண்மனையில் விகடம் பேசி அரசரைச் சிரிக்க வைப்பது அவர் உத்தியோகம். மனமெல்லாம் வெள்ளிக்கிழமைச் சந்தையில்தான். அங்கே ஒரு மாட்டுவண்டியின் மேல் ஏறி நின்று, அந்த வாரம் அரண்மனை போட்ட ஆணைகளை அலசுவார். இருபது வருஷமாக அவர் சொன்னது சுற்றிச் சுற்றி ஒன்றுதான்: அடுத்தவர் மேல் கை வைக்காதவரை ஒரு மனிதரை அவர் போக்கில் விட்டுவிட வேண்டும்.

"என் வீட்டுக் கதவு இதுவரை யாரையும் அடித்ததில்லை. அதன் மேல் அரசருக்கு என்ன கோபம்?" என்றார். சந்தை சிரித்தது.

சிரிக்காமல் குறுக்கே பேசுகிறவள் ஒருத்தி உண்டு. ஆற்றில் பரிசல் ஓட்டும் மாடத்தி.

"பரிசல்ல ஆறு பேருக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு ஆணை இருக்கு அய்யா. அதையும் எடுத்துடலாமா?"

"ஆணை இல்லாவிட்டால் நீ முப்பது பேரை ஏற்றிவிடுவாயா?"

"நான் ஏத்த மாட்டேன். மேலத்துறைக்காரன் ஏத்துவான். அது கவுந்தா, செத்தவங்ககிட்ட போய் உங்க நியாயத்தைச் சொல்வீங்களா?"

ஆவுடையப்பன் அந்தக் கேள்வியை வீட்டுக்குச் சுமந்து போவார். வாரம் முழுக்க யோசித்துவிட்டு அடுத்த வெள்ளிக்கிழமை பதிலோடு வருவார். அவள் வேறொரு கேள்வியோடு நிற்பாள். தம் பேச்சுக்குக் கூர்மை வந்ததே அவளால்தான் என்று அவருக்குத் தெரியும். அதை அவளிடம் சொன்னதில்லை.

அரசருக்கு அவர் மேல் இருந்த பிரியம் மந்திரி வல்லபராயருக்குப் பிடிக்கவில்லை. கதவுப் பேச்சு காதில் விழுந்ததும் அரசரிடம் போனார்.

"பிரபு, அரசு காரியங்களைப் பற்றி எவர் பேசுவதானாலும், பேசும் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்கூட்டியே முத்திரை பெற வேண்டும் என்று தாங்கள் ஆணையிட வேண்டும். ஊர் அமைதியாக இருக்கும்."

அரசர் சம்மதித்தார்.

மறுநாள் ஆவுடையப்பன் ஒரு கூடை நிறைய ஓலை நறுக்குகளைச் சுமந்துகொண்டு சபைக்கு வந்தார். ஓர் ஓலைக்கு ஒரு சொல். ஒன்றும் பேசாமல் முதல் ஓலையை மந்திரியிடம் நீட்டினார். 'வணக்கம்' என்று இருந்தது. மந்திரி முத்திரை குத்தினார். ஆவுடையப்பன், "வணக்கம்" என்றார். அடுத்த ஓலை 'அரசே'. அதற்கும் முத்திரை. "அரசே" என்றார். இப்படியே உச்சிவேளை ஆயிற்று. அவர் இன்னும் அரசரின் நலம் விசாரித்து முடிக்கவில்லை. அப்போது வந்த ஓலையைப் பார்த்து மந்திரி கையை இழுத்துக்கொண்டார்.

"என்ன சொல் அது?" என்று அரசர் கேட்டார்.

"'ஆனால்' என்று இருக்கிறது, பிரபு. இதற்கு முத்திரை கொடுத்தால் பின்னால் எது வருமோ தெரியாது."

அரசர் சிரித்தார். சபையும் சிரித்தது. "ஆவுடையப்பன் என்பவர் முத்திரையின்றிப் பேசலாம் என்று எழுதுங்கள்" என்றார். பிறகு, "வேறு என்ன வேண்டும், கேளும்" என்றார்.

மந்திரியின் முகம் போன போக்கைப் பார்த்து ஆவுடையப்பனும் சிரித்துக்கொண்டிருந்தார். "இதுவே போதும், அரசே" என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தது. அவர் வண்டி மேல் ஏறிப் பேசினார். சுற்றிலும் காவலர்கள் நின்றார்கள். பாதிப் பேச்சில் மாடத்தி, பழக்கத்தில், "அது எப்படி அய்யா சரியாகும்?" என்றாள். அவ்வளவுதான். அவளைப் பிடித்தார்கள். பரிசலை ஈட்டியால் குத்திக் கிழித்தார்கள். அன்று மாலையே அவளை ஆற்றுக்கு அந்தப் பக்கம், வேற்று நாட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். ஆவுடையப்பன் வண்டியிலிருந்து இறங்கிக் காவலர் பின்னாலேயே ஓடினார். பேச அவருக்கு உரிமை இருந்தது. அவர் பேசியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு வாரம் அவர் சந்தைப் பக்கம் போகவில்லை. தமக்குக் கிடைத்த ஆணை ஓலையை எடுத்துத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு வீடு வீடாகப் போய் ஒரு காரியம் கேட்டுக்கொண்டார்.

அடுத்த சந்தையில் எல்லோரும் வாய்க்கு வந்தபடி அரண்மனையைப் பற்றிப் பேசினார்கள். காவலர்கள் நாற்பது பேரைப் பிடித்துச் சபையில் நிறுத்தினார்கள்.

"உன் பெயர் என்ன?" என்று அரசர் ஒரு சலவைக்காரரைக் கேட்டார்.

"ஆவுடையப்பன், சாமி."

பக்கத்தில் நின்ற பூக்காரியும் ஆவுடையப்பன் என்றாள். நாற்பது பேரும் ஆவுடையப்பன்தான்.

"நேற்று வரை நீ யார்?" என்று அரசர் சலவைக்காரரையே மறுபடி கேட்டார்.

"நேத்து வரைக்கும் பேசக் கூடாதவன், சாமி."

"இவை பொய்ப் பெயர்கள்" என்று மந்திரி கத்தினார்.

ஆவுடையப்பன் கைகூப்பினார். "அரசே, ஒருவர் தமக்கு இன்ன பெயர்தான் வைத்துக்கொள்ளலாம் என்று மந்திரியார் இன்னும் ஆணை போடவில்லை."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முத்திரை ஆணையை அங்கேயே கிழிக்கச் சொன்னார். ஆவுடையப்பனுக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார். இந்தத் தடவை ஆவுடையப்பன் கேட்டார். மாடத்தி ஊர் திரும்பலாம் என்று அரசர் வாக்குக் கொடுத்தார்.

அதைச் சொல்ல அவரே ஆற்றைக் கடந்து போனார். அக்கரையில் மாடத்தி யாரோ கொடுத்த பழைய பரிசலை ஓட்டிக்கொண்டிருந்தாள். அவரை ஏற்றிக்கொண்டு துடுப்பு போட்டாள். நடு ஆற்றில் விஷயத்தைச் சொன்னார். அவள் துடுப்பை நிறுத்தினாள்.

"முத்திரை இல்லாம நீங்க பேசலாம்னு எழுதின அன்னிக்கு, வேற என்ன வேணும்னு ராசா கேட்டாராமே. என்ன கேட்டீங்க?"

"ஒன்றும் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தேன்."

அவள் பரிசலை அவர் ஏறிய கரைக்கே திருப்பினாள். "இங்க எனக்கு ஆள் பழகிடுச்சு அய்யா. நான் வரலை" என்றாள்.

கரை வந்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"இறங்குங்க அய்யா, ஆள் காத்திருக்காங்க" என்றாள்.

அவர் இறங்கினார். ஆறு பேர் ஏறினார்கள். பரிசல் போய்விட்டது. ஊரெல்லாம் ஆவுடையப்பன் ஆன கதையை அந்த நாட்டில் எல்லோரும் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். அவர் மட்டும் சொன்னதே இல்லை.