பந்தியில் இடம் கிடைக்காத விஷம்

மருதங்கோம்பைக் கிணற்றில் காக்காகூட யோசித்துத்தான் குடிக்கும். தண்ணீரில் ஆர்சனிக் விஷம். அதைப் பிடித்துவைக்கும் தாதுக்கல் தொட்டியோடு வந்தார் வடிகட்டிக் கம்பெனி முதலாளி திருவேங்கடம்.

"காய்ச்சி வடிச்ச சுத்தத் தண்ணியில இந்த விஷத்தைக் கலந்து சோதிச்சப்ப, மொத்தத்தையும் பிடிச்ச கல்லு! இன்னிக்கே திறப்பு விழா, ஊரே குடிக்கணும்!"

"எங்க தண்ணி வேறய்யா," என்றாள் மோட்டார் போடும் வேலம்மாள்.

"எங்கே, நிரூபி பாப்போம்!"

விழா விருந்துக்கு முதலாளி மீசையை நீவியபடி வந்தால், வேலம்மாள் ஊரையே உட்கார்த்தி வைத்திருந்தாள். ஓர் இலைகூடக் காலியில்லை.

"எனக்கு இலை எங்கே?"

"உங்க கல்லுலயும் இதே கூத்துதான்யா. எங்க தண்ணியில இருக்கிற பாஸ்பேட்டும் சிலிக்காவும் முந்தி உக்காந்துக்கும். விஷம் இடமில்லாம வெளிய வந்துடும். நீங்க சோதிச்ச தண்ணியில அது ஒண்ணுதானே விருந்தாளி?"

"அடுத்த பந்தி இருக்குமில்ல?"

"இருக்குய்யா. எங்க பிள்ளைங்க வயிறு."

முதலாளி தொட்டியில் கட்டியிருந்த திறப்பு விழா ரிப்பனை வெட்டாமல் தானே அவிழ்த்தார். சோதிக்க அந்தக் கிணற்றுத் தண்ணீரில் ரெண்டு குடம் கேட்டார்.