மூன்று தரம்

கீழே மாவு மில் ஓட, மாடியில் தியானம் சொல்லிக் கொடுத்துவந்தார் மரகதம் அம்மாள். வயது நாற்பதுதான். மில்லை அந்த நேரம் நிறுத்தச் சொல்லக்கூடாதா என்று யாராவது கேட்டால், "அவங்க என்னை நிறுத்தச் சொல்லலையே" என்பார்.

அவருடைய சீடர் நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு. பொள்ளாச்சித் தேங்காய் மண்டியில் முப்பது வருஷம் ஏலம் கூவியவர். அவர் வாயைத் திறந்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். ஒருநாள் மத்தியானம் இரண்டே முக்காலுக்கு, போனை இறுக்கிப் பிடித்தபடி வந்து பாயில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க ஐயா, போன்ல அப்படி என்னத்தைப் பார்க்கறீங்க?"

"வயலினுங்கம்மா. தாரணியோடது. ஆன்லைன் ஏலத்துக்கு வந்திருக்குது. மூணு மணிக்கு முடியுது."

தாரணி அவருடைய ஒரே மகள். அவள் கல்லூரி விடுதியில் இருந்தபோது, சும்மாதானே கிடக்கிறது என்று வயலினை ஒரு வியாபாரியிடம் தள்ளிவிட்டார். பொங்கலுக்கு வந்தவள் அலமாரியைத் திறந்தாள். வயலின் இருந்த தட்டில் இஸ்திரிப் பெட்டி உட்கார்ந்திருந்தது. எதுவும் கேட்காமல் அன்றைக்கே கிளம்பிப் போனாள். இரண்டு வருஷமாக அப்பாவும் மகளும் பேசவில்லை.

"அதே வயலின்தானா?"

"போட்டோவுல ஊதுபத்தி சுட்ட தழும்பு தெரியுது பாருங்க. சரசுவதி பூசையன்னைக்கு நான்தான் பக்கத்துல வெச்சுத் தொலைச்சேன். இதைக் கொண்டுபோய்க் கையில குடுத்தா ஒரு வார்த்தையாச்சும் பேசுவா."

"உங்களால ஆன விலை முழுசையும் போட்டுட்டீங்களா?"

"எதுக்குங்க? இப்ப என் விலைதான் மேல நிக்குது. எவனாச்சும் ஏத்தினா நானும் ஏத்திக்கிறேன். ஏலத்தைப் பத்தி எனக்கா தெரியாது?"

ஐந்து நிமிஷம் இருந்தது. யாரும் வரவில்லை. இரண்டு நிமிஷம். வேட்டியில் விரலைத் துடைத்துத் துடைத்து, விலை ஏற்றும் பொத்தானுக்கு மேலே வைத்துக்கொண்டார். பத்து நொடி. அப்போதும் யாரும் வரவில்லை.

கடைசி நொடியில் யாரோ நூறு ரூபாய் ஏற்றினார்கள். நாச்சிமுத்துவின் விரல் இறங்குவதற்குள் ஏலம் முடிந்துவிட்டது.

போனைப் பாயில் போட்டார். கண் கலங்கிவிட்டது.

"இது திருட்டுங்கம்மா."

"அந்த ஆள் ஏதாச்சும் விதியை மீறினாரா?"

"இல்லீங்க. ஆனா நியாயம்னு ஒண்ணு வேண்டாமா? கடைசி நொடி வரைக்கும் ஒளிஞ்சிருந்துட்டுப் பிடுங்கிட்டுப் போறதா?"

"நியாயமா எப்படி நடக்கணும்?"

"மண்டியில நான் எப்படிக் கூவினேன்? ஒரு தரம்னு சொல்லி நாலு பக்கமும் பார்ப்பேன். ரெண்டு தரம்னு சொல்லி, கேட்டவன் மூஞ்சியைப் பார்ப்பேன். ஒருத்தன் ஓடிப்போய்ப் பொண்டாட்டியைக் கேட்டுட்டு வர்ற வரைக்கும்கூட நின்னிருக்கேன். அப்புறந்தான் மூணாவது தரம்."

"அவ்வளவு எதுக்குங்க?"

"கைவிட்டுப் போகப்போகுதுன்னு அவனுக்குத் தெரியணுமில்லீங்களா? சொல்லாம கொள்ளாம எடுத்துட்டுப் போனா மனுசன் எப்படித் தாங்குவான்?"

"சரியாத்தான் சொல்றீங்க," என்றார் மரகதம் அம்மாள். "நீங்க அந்த வயலினை வித்தப்ப, தாரணிக்கு எத்தனை தரம் சொன்னீங்க?"

கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது.

"அவ நம்பர் இந்தப் போன்ல இருக்குதா?"

"இருக்குதுங்க. வெறுங்கையோட என்னன்னு பேசறது?"

மரகதம் அம்மாள் பாயில் கிடந்த போனை எடுத்து அவர் கையில் வைத்தார். நாலு பக்கமும் பார்த்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஒரு தரம்," என்றார்.