காதில்லாத ஊசியும் சிலம்பாயியும்

ஆறுகளுக்கெல்லாம் இன்னும் யாரும் பேர் வைக்காத காலம் அது. அந்தக் காலத்திலே தும்பைக்கோட்டை என்று ஒரு ராஜ்யம். கோவேந்தன் என்று ஒரு ராஜா. நல்ல மனுஷன்தான், ஆனால் அவசரக்காரன். எலி வந்து களஞ்சியத்தைத் தின்கிறது என்று மொட்டைமலை மாயாவியிடம் ஓடிப் போய், "என் ஊரிலே நாயும் பூனையும் பெருகணும்" என்று வரம் கேட்டுவிட்டான். எவ்வளவு பெருகணும் என்று அவனும் சொல்லவில்லை, மாயாவியும் கேட்கவில்லை.

பெருகிச்சு, பெருகிச்சு, அப்படிப் பெருகிச்சு. வண்டிக்கு அடியிலே குட்டி, அடுப்புக்குள்ளே குட்டி, தேர்ச்சக்கரத்து மேலே குட்டி. பிறந்ததிலே பாதி பாலில்லாமல் செத்துப்போச்சு. கடுவன் பூனைகள் கூரையிலே கட்டிப் புரண்டு ஓடுகளையெல்லாம் உடைச்சுது. ஆண் நாய்கள் தெருவுக்குத் தெரு கடித்துக்கொண்டு ரத்தமும் சதையுமாகத் திரிந்தன. பார்த்தான் ராஜா. அமாவாசைக்குள் அத்தனையையும் பரிசலில் ஏற்றி, ஆற்று நடுவே இருக்கிற மணல் திட்டில் விட்டுவிட வேண்டும் என்று தண்டோரா போட்டான். அந்தத் திட்டிலே ஒரு புல்லு பூண்டு கிடையாது.

பரிசல் ஓட்டுகிறவள் சிலம்பாயி. அவள் வளர்க்கிற பெட்டை நாய் செவலை. ஈத்துக்கு மேலே ஈத்துப் போட்டு, விலா எலும்பை எண்ணிவிடலாம் போல இளைத்துக் கிடந்தது. அதையும் தன் கையாலேயே ஏற்றிப் போய்த் திட்டில் விடணுமாம். துடுப்பைக் கீழே போட்டாள் சிலம்பாயி. செவலையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு மொட்டைமலை ஏறினாள்.

மாயாவியின் தாடிக்குள்ளே குருவிகள் கூடு கட்டியிருந்தன. அவன் செவலையின் வயிற்றைத் தடவிப் பார்த்தான்.

"இன்னொரு ஈத்து இது தாங்காது புள்ள."

"அப்ப வரத்தைத் திரும்ப எடுத்துக்கோ சாமி."

கொடுத்ததைத் திரும்ப வாங்குகிற வழக்கம் தனக்கு இல்லை என்று சொல்லிவிட்டு, இடுப்பிலிருந்து ஒரு வெள்ளி ஊசியை எடுத்தான். "ஒருதரம் தொட்டா தூக்கம். ரெண்டாந்தரம் தொட்டா தையல். மூணாந்தரம் தொட்டா காதோரம் ஒரு சின்ன வெட்டு, வேலை முடிஞ்சதுக்கு அடையாளம். வலி தெரியாது. அப்புறம் பெட்டை குட்டி போடாது, கடுவன் அலையாது."

சிலம்பாயி வாங்கிப் பார்த்தாள். ஊசிக்குக் காதே இல்லை.

அரண்மனையில் ஆரம்பித்த மந்திரம் அரண்மனையில்தான் முடியணும், ராஜா மனசார தன் நாயை முதலில் கொண்டுவந்தால்தான் ஊசிக்குக் காது திறக்கும் என்றான் மாயாவி. போகிற போக்கில் ஒரு சொட்டுத் தேனும் கொடுத்தான். எந்த நாக்கில் விட்டாலும் அது ஒரே ஒரு தரம் மனுஷன் மாதிரிப் பேசுமாம்.

மலை இறங்குகிற வரைக்கும் சிலம்பாயிக்கு ஒரே நினைப்பு. செவலை பேசினால் என்ன சொல்லும்? தன்னை என்ன சொல்லிக் கூப்பிடும்?

அரண்மனைக்குப் போனாள், சொன்னாள். ராஜாவின் நாய் புலிக்குத்தி பக்கத்திலேயே நின்றது. கன்றுக்குட்டி உயரம், ஒரு கண் கிடையாது. புலியோடு மோதிப் போன கண் என்று ராஜா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பான்.

இது பாவமில்லையா என்று கேட்டான் ராஜா. பிறந்த குட்டி பட்டினியிலே சாகிறது எந்தக் கணக்கு என்று கேட்டாள் சிலம்பாயி. நாய்க்கு வீரம் போய்விடுமே என்றான். குரைக்கிறது தொண்டையிலேதானே மகாராஜா என்றாள்.

மந்திரி குறுக்கே வந்தார். "ஆண் நாய்க்கு இப்படிச் செஞ்சா பூனை மாதிரி ஆயிடும்."

"பூனைக்கும்தான் செய்யப் போறேன். அது என்னவா ஆகும்னு மந்திரி ஐயா சொல்லட்டும்."

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. "மற்ற நாய்க்கெல்லாம் செய். என் புலிக்குத்தியைத் தொடாதே" என்று எழுந்துவிட்டான்.

ஊசியின் காது மூடியபடியே இருந்தது. விடிந்தால் அமாவாசை. சிலம்பாயி தேன் சொட்டைப் பார்த்தாள், காலடியில் கிடந்த செவலையைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே போய், ராஜா பக்கத்தில் நின்ற புலிக்குத்தியின் நாக்கில் விட்டாள்.

புலிக்குத்தி தொண்டையைச் செருமியது.

"ராஜா, நான் புலியைப் பார்த்ததே இல்லை. பெட்டை வாடை காத்துல வந்தா என் காலு நிக்க மாட்டேங்குது. மதில் தாண்டி ஓடுறேன், கடிபடுறேன். செக்கடிச் சந்துல நாலு நாய் சேர்ந்துதான் இந்தக் கண்ணைப் பிடுங்குச்சு. நான் அங்கே அலையுறப்போ உன் வாசலை யார் காக்குறா? எனக்கு அலைஞ்சது போதும். உன் காலடியில நிம்மதியாப் படுக்க விடு."

அவ்வளவுதான், வாய் மூடிக்கொண்டது. ராஜாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பிறகு குனிந்து, அவ்வளவு பெரிய நாயை இரண்டு கையாலும் தூக்கிக் கொண்டுவந்து சிலம்பாயி முன்னால் கிடத்தினான்.

ஊசிக்குக் காது திறந்தது.

ஒருதரம் தொட்டாள், தூக்கம். ரெண்டாந்தரம் தொட்டாள், தையல். மூணாந்தரம் தொட்டாள், காதோரம் வெட்டு. அடுத்தது செவலை. அப்புறம் தெருத் தெருவாக ஜனங்கள் கூடையிலே பூனையும் கயிற்றிலே நாயுமாக வந்து நின்றார்கள். மணல் திட்டுக்கு ஒரு பரிசல்கூடப் போகவில்லை.

அந்த ஊர் அமைதியான அழகை என்ன சொல்ல! இருந்த குட்டிகளுக்கெல்லாம் வீடு கிடைத்தது, பால் கிடைத்தது. பூனைகள் கூரையை விட்டுவிட்டு எலியைக் கவனித்தன. புலிக்குத்தி அரண்மனை வாசலை விட்டு நகராமல் படுத்து, களஞ்சியத்துக்கு வந்த திருடனைக் கெண்டைக்காலோடு கவ்விப் பிடித்துக்கொடுத்தது. ராஜா சிலம்பாயியைக் கூப்பிட்டு, ஊசியையும் அதற்கென்று ஒரு மண்டபத்தையும் அவளுக்கே எழுதிக் கொடுத்தான்.

செவலைக்கு விலா எலும்பு மறைந்தது, ரோமம் செம்புக்குடம் மாதிரி மின்னியது. பரிசலின் முன்னாலே ஏறி உட்கார்ந்து வருஷக்கணக்காக ஆற்றை வேடிக்கை பார்த்தது. ஒருநாள் கரையிலே ஒரு குழந்தை, "அக்கா, உங்க நாய் மூஞ்சியிலே யாரு சாம்பலைப் பூசினது?" என்று கேட்டது. பாவம், அதற்கென்ன தெரியும்? மூஞ்சி நரைக்கிற வயசு வரைக்கும் உயிரோடிருந்த பெட்டை நாயை அந்த ஊர் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

செவலை நன்றாயிருந்தது, சிலம்பாயி நன்றாயிருந்தாள். கேட்ட நீங்களும், உங்கள் வீட்டுக் காதுவெட்டு நாய் பூனையும் நன்றாயிருங்கள்.