தாய்மாமன் சீரில் ஒரு கார் சீட்டு

எங்கள் புங்கம்பாளையத்தில் முட்டாள்களே கிடையாது என்று அடித்துச் சொல்வேன். மூன்று அண்ணன் தம்பிகள் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் சொல்வேன்.

மூத்தவர் நாச்சிமுத்து, தொண்ணூற்றிரண்டு கிலோ. அடுத்தவர் மாரப்பன், கார் ஓட்டுவார். இளையவர் செங்கோடன், யோசிப்பார். மூன்றிலும் ஊருக்குப் பயம் இந்த மூன்றாவதுதான்.

மூவருக்கும் ஒரே தங்கை, வாணி. அவள் மகள் ஓவியாவுக்குப் பதினோரு மாதம். காதுகுத்து வைத்திருந்தார்கள். எங்கள் பக்கம் தாய்மாமன்தான் தன் வண்டியில் குழந்தையைக் கோயிலுக்கு அழைத்து வர வேண்டும், தாய்மாமன் மடியில்தான் காது குத்த வேண்டும். அந்த மடிப் பெருமைக்காகச் சொத்தையே எழுதிக் கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆனால் வாணி கறாராகச் சொல்லிவிட்டாள்.

“புள்ளைக்குன்னு கார் சீட்டு வாங்கினாத்தான் உங்க வண்டியில ஏறுவேனுங்ண்ணா. அதுவும் பக்கவாட்டுல இடிச்சாத் தாங்கற சீட்டா இருக்கோணும். எங்கூட வேலை செய்யறவங்க காரைப் போன மாசம் ஒரு டெம்போ பக்கத்துல வந்து இடிச்சிருச்சு. அதுல இருந்து எனக்குப் பயமாவே இருக்குது. முகூர்த்தம் பத்தரையோட முடியுது. அதுக்குள்ள நீங்க கோயிலுக்கு வந்து சேரலீன்னா, சித்தப்பா மகன் கதிரேசண்ணன் மடியில உக்கார வெச்சுருவோம்.”

கதிரேசன் ஏற்கெனவே புது வேட்டி எடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும் மூவருக்கும் வயிறு எரிந்தது. அன்று மதியமே ஈரோட்டில் ஒரு குழந்தைச் சாமான் கடைக்குப் போய் நின்றார்கள்.

கடையில் ஜெனிட்டா என்ற பெண் பொறுமையாக விளக்கினாள். “முன்னாடி இடிச்சா பானெட் அடியை வாங்கிக்கும். பின்னாடி இடிச்சா டிக்கி வாங்கிக்கும். பக்கத்துல இடிச்சா, குழந்தைக்கும் வர்ற வண்டிக்கும் நடுவுல ஒரு கதவு மட்டுந்தாங்க. அதனாலதான் இந்த சீட்டுல தலைக்கு ரெண்டு பக்கமும் ஆழமா சுவர் மாதிரி வெச்சு, உள்ள ஃபோம் போட்டிருக்காங்க. குழந்தை தலை அதுக்குள்ளயே இருக்கணும். இறுக்கி மாட்டினதும் ஆட்டிப் பாருங்க, ஒரு அங்குலத்துக்கு மேல அசையக்கூடாது. அழுவுதுன்னு எடுத்து மடியில மட்டும் வெச்சுக்காதீங்க. மடி பாதுகாப்பே இல்லைங்க.”

செங்கோடன் எல்லாவற்றையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். கடைசி வாக்கியத்துக்கு அடிக்கோடும் போட்டார்.

“ஏம்மிணி, இடிச்சுப் பாத்து வாங்கலாமுங்களா?” என்றார் நாச்சிமுத்து.

அவள் வாயைத் திறப்பதற்குள் மாரப்பன் ஒரு குழந்தைத் தள்ளுவண்டியை வேகமாக ஓட்டி வந்து சீட்டின் விலாவில் மோதினார். சீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. தள்ளுவண்டி இரண்டு துண்டானது. மூவரும் கை கொடுத்துக்கொண்டார்கள். இரண்டு துண்டையும் சேர்த்தே வாங்கி வந்தார்கள்.

வீட்டில் சீட்டை மாட்டி, மூன்று பேரும் சேர்ந்து பிடித்து ஆட்டினார்கள்.

“அசையுதாடா?”

“சீட்டு அசையலீங்ண்ணா. காருதான் அசையுது.”

“அப்ப சீட்டு நல்ல சீட்டு. காரைத்தான் நாம சரியா மாட்டலை,” என்றார் செங்கோடன்.

காரை வடக்கயிற்றால் வேப்பமரத்தில் இறுக்கிக் கட்டினார்கள். மறுபடி ஆட்டினார்கள். அசையவில்லை. நிம்மதியாகத் தூங்கப் போனார்கள்.

காலை எட்டு மணிக்கு வாணி குழந்தையோடு வந்தாள். ஓவியாவைச் சீட்டில் வைத்து, பெல்ட் போட்டு, மாரப்பன் வண்டியைக் கிளப்பினார். வண்டி உறுமியது, புகை விட்டது, இருந்த இடத்திலேயே இருந்தது. அரை மணி நேரம் கழித்து வாணிதான் இறங்கிப் போய்க் கயிற்றை அவிழ்த்தாள்.

கோயில் ஒன்பது கிலோமீட்டர். முதல் நாற்சந்தியில் இடது பக்கமிருந்து ஒரு பால் வண்டி வந்தது.

“பக்கம்! பக்கம்!” என்று அலறினார் செங்கோடன். மாரப்பன் நடுச்சந்தியில் நிறுத்தினார்.

“முன்னாடி இடிச்சா பானெட் வாங்கிக்கும்னு அந்தப் புள்ள சொல்லுச்சா, இல்லியா?” என்றார் செங்கோடன்.

“சொல்லுச்சு.”

“பக்கத்துல வர்றவனுக்கு நாம மூஞ்சியைக் காட்டிட்டா?”

நாச்சிமுத்து தொடையில் தட்டினார். “அவன் முன்னாடி வர்றவன் ஆயிருவானே!”

மாரப்பன் சட்டென்று ஸ்டியரிங்கை ஒடித்துப் பால் வண்டிக்கு நேர் எதிரே நின்றார். பால்காரர் மிரண்டுபோய் வந்த வழியே பின்னால் போனார். அவர் போய் முடியும்வரை மரியாதையாகத் தொடர்ந்து போனார்கள்.

திரும்பி வந்தால் வலது பக்கம் ஒரு ஆட்டு மந்தை. அதற்கும் முகத்தைக் காட்டினார்கள். பிறகு ஒரு டிராக்டர், ஒரு ஐஸ் வண்டி, சைக்கிளில் ஒரு வாத்தியார். ஒரே பெட்ரோல் பங்கை நான்கு முறை கடந்தார்கள். நான்காவது முறை அங்கிருந்தவர் கையசைத்து விசாரித்தார்.

“அண்ணா, கும்புடறேன், ரோட்டுல நேராப் போங்ண்ணா!” வாணிக்கு அழுகையே வந்துவிட்டது.

“நேராப் போறதாலதான் அம்மிணி பக்கமே வருது,” என்றார் செங்கோடன்.

கோயிலை அடைந்தபோது பத்து இருபது. மண்டபத்தில் கதிரேசன் சம்மணம் போட்டு, மடியைத் தட்டிச் சரிசெய்து உட்கார்ந்திருந்தார். நாச்சிமுத்து அவரை அலாக்காகத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, தான் உட்கார்ந்தார்.

“குழந்தையை மடியில வையுங்க,” என்றார் ஆச்சாரி, ஊசியைத் துடைத்துக்கொண்டே.

செங்கோடன் உள்ளங்கையைப் பார்த்தார். “அண்ணா, மடி பாதுகாப்பே இல்லைன்னு எழுதியிருக்குது.”

“தாய்மாமன் மடியாச்சேடா!”

“எந்த மாமன்னு அந்தப் புள்ள பிரிச்சுச் சொல்லலீங்ளே.”

மூவரும் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். நாச்சிமுத்து மடியில் சீட்டு, சீட்டில் குழந்தை. ஓவியா சிரித்தாள். ஆச்சாரி சிரிக்கவில்லை. குழந்தையின் தலை, ஜெனிட்டா சொன்னபடியே, இரண்டு சுவருக்கும் நடுவே பத்திரமாக இருந்தது. காதும் அங்கேதான் இருந்தது.

“காது தெரியலீங்களே. புள்ளையை வெளிய எடுங்க.”

“ஊசி எந்தப் பக்கமிருந்துங்க வருது?” என்றார் செங்கோடன் சந்தேகமாக.

“பக்கவாட்டுலதான். காது அங்கதானே இருக்குது?”

“அப்ப விட மாட்டோமுங்க. வேணும்னா முன்னாடி இருந்து வாங்க.”

“அஞ்சு நிமிசந்தான் இருக்குது!” என்று யாரோ கத்தினார்கள். கதிரேசன் மறுபடி மடியைத் தட்டத் தொடங்கினார். வாணி பெல்ட்டைக் கழற்றிக் குழந்தையை உருவி எடுக்கவும், உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது பார்ப்போம் என்று நாச்சிமுத்து குனிந்து தன் தலையைச் சுவர்களுக்கு நடுவே நுழைக்கவும் சரியாக இருந்தது. பதற்றத்தில் இதைக் கவனிக்காத ஆச்சாரி சீட்டுக்குள் கையை விட்டுத் துழாவினார். ஒரு காது அகப்பட்டது. குத்திவிட்டார்.

“அய்யோ அம்மா!”

மேளம் கொட்டியது.

“கொஞ்சம் பெரிய காதாத்தான் பட்டுச்சு. மாமன் சாயலாக்கும்னு நெனச்சுட்டேன்,” என்றார் ஆச்சாரி பிறகு.

அந்தக் கூச்சலிலேயே வாணி குழந்தையை மாரப்பன் மடியில் பொத்தென்று வைத்தாள். இரண்டு நிமிடத்தில் இரண்டு காதும் குத்தியாகிவிட்டது. தாய்மாமன் மடிதான், முகூர்த்தமும் தப்பவில்லை. கதிரேசன் எழுந்து சாப்பிடப் போய்விட்டார்.

செங்கோடன் மட்டும் சீட்டைத் தடவிக் கொடுத்தார். “பாத்தீங்களா, பக்கவாட்டுல வந்துச்சு, புள்ளை மேல படலை. அண்ணன் மேலதான் பட்டுச்சு. நல்ல சீட்டு.”

நாச்சிமுத்து இடது காதைப் பிடித்தபடி, “ஒத்தைக் காதோட எப்படிடா ஊருக்குள்ள போறது? இன்னொண்ணையும் குத்திருங்க ஆச்சாரி,” என்றார்.

“குத்தலாமுங்க. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குதல்ல?” என்றார் மாரப்பன்.

முறைதான். பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்திருந்த அவர்களுடைய தாய்மாமன் காளியண்ணனை, வயது எழுபத்தெட்டு, கைத்தாங்கலாக அழைத்து வந்து சம்மணம் போட்டு உட்கார வைத்தார்கள். கிழவர் தொண்ணூற்றிரண்டு கிலோ மருமகனை அண்ணாந்து பார்த்தார்.

“டேய், பக்கத்துல வர்றதுக்கு சீட்டு வாங்கியிருக்கீங்க, சரி. மேல இருந்து வர்றதுக்கு என்னடா வாங்கியிருக்கீங்க?”

நல்ல கேள்வி என்று செங்கோடனுக்குத் தோன்றியது. ஜெனிட்டாவிடம் கேட்க வேண்டும் என்று உள்ளங்கையில் குறித்துக்கொண்டார். அதற்குள் நாச்சிமுத்து உட்கார்ந்துவிட்டார்.