புள்ளிப் பூவும் பிளந்த இலையும்

பூவும் வண்டும் பாறையும் ஒன்றோடொன்று பேசிக்கொண்ட அந்த நாளில், வடக்கே பனிமலையின் உச்சிச் சரிவில் கல்லரசி, பாறைமணி என்று இரண்டு பூச்செடிகள் அருகருகே வாழ்ந்தன. இருவரும் வேறு வேறு குலம். பார்த்தால் அப்படித் தெரியாது. இருவருக்கும் அதே ஐந்து வெள்ளை இதழ்கள், அதே குட்டை உடம்பு, அதே உருண்டை இலை.

அதுதான் வினையாகிப் போனது. அந்த உயரத்துக்குப் பறந்து வர ஒரு கம்பளி வண்டுக்குத்தான் தெம்பு இருந்தது. அவள் கல்லரசியின் மகரந்தத்தைக் கொண்டுபோய்ப் பாறைமணியிடம் கொட்டுவாள். பாறைமணியுடையதைக் கல்லரசியிடம் கொட்டுவாள். வேற்றுக் குலத்து மகரந்தத்தில் விதை பிடிக்குமா? பூக்கள் வெறுமனே உதிர்ந்தன. ஒவ்வொரு பனிக்காலத்திலும் இரண்டு குலத்திலும் வயதான செடிகள் மடிந்தன. புதிதாக ஒன்றும் முளைக்கவில்லை. வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்த சரிவு மொட்டைக் கல்லாகிக்கொண்டே வந்தது.

"வண்டம்மா, கொஞ்சம் பார்த்து உட்காரக் கூடாதா?" என்று கேட்டாள் கல்லரசி.

"காற்று ஆளையே தூக்கிக்கொண்டு போகிறது. இதில் உங்கள் முகத்தை உற்றுப் பார்க்க எனக்கு ஏது நேரம்?" வண்டுக்கும் கோபம் வந்தது. "ஏதாவது ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறமும் தப்பு செய்தால் என்னைக் கேளுங்கள்."

அடையாளத்துக்கு எங்கே போவது? அந்த மலையில் எல்லாமே வெள்ளை, இல்லாவிட்டால் சாம்பல். மழை பெய்த மறுநாள் மட்டும், அவர்கள் நின்ற பெரும்பாறையின் அடியில் சிவப்பாக நீர் கசியும். பாறையின் வயிற்றுக்குள் காவிக்கல் இருந்தது.

"உள்ளே போய் அந்தச் சிவப்பை எடுத்துவரப் போகிறேன், அக்கா" என்றாள் கல்லரசி.

பாறை சிரித்தது. "இடி விழுந்தும் எனக்கு ஒன்றும் ஆனதில்லை. நூல்போல ஒரு வேரை வைத்துக்கொண்டு நீ என்னை என்னடி செய்வாய்?"

"வழி விடுகிறாயா, இல்லையா?"

"விட மாட்டேன்."

"சரி, பார்க்கலாம்."

பாறையின் மேல் ஒரு முடி நுழையும் அளவுக்குக் கீறல் இருந்தது. கல்லரசி அதில் வேர் நுனியைச் செருகினாள். வெயிலில் பனி உருகி நீர் இறங்கும்போது வேரும் கூடவே இறங்கும். குளிரில் அந்த நீர் உறைந்து பருத்துக் கல்லைத் தள்ளும், வேரையும் நசுக்கும். வலியில் அவள் இலைகள் பழுத்துப் போயின.

"போதும், விட்டுவிடடி" என்று கெஞ்சினாள் பாறைமணி.

"இப்படியே நம் இரண்டு குலமும் அழியட்டுமா, அக்கா?"

பாறைமணி தன் வேரை அவள் வேரோடு இறுக்கிச் சுற்றினாள். "நீ இறங்கு. நான் பிடித்துக்கொள்கிறேன்."

பனி விலகத் தொடங்கிய ஒரு காலையில் மலையே அதிர்ந்தது. பாறை இரண்டாகப் பிளந்தது! கல்லரசி பிளவுக்குள் சரிந்தாள். தெறித்த கல் சில்லுகள் பாறைமணியின் இலைகளைக் கிழித்துக்கொண்டு போயின. ஒவ்வோர் இலையும் மூன்று விரல்போலப் பிளந்தது. அப்படியும் அவள் பிடியை விடவில்லை.

கீழே கல்லரசியின் வேர் காவிக்கல்லைத் தொட்டது. சிவப்பு வேரில் ஏறி, தண்டில் ஏறி, மொட்டுக்குள் புகுந்தது. மொட்டு விரிந்தபோது வெள்ளை இதழெங்கும் பொட்டுப் பொட்டாகச் செம்புள்ளிகள்!

"அடேயப்பா!" என்றது பிளந்து கிடந்த பாறை. "இடியால் ஆகாததை ஒரு பூ செய்துவிட்டதே! இனி எந்தக் கல்லும் உங்கள் வேரைத் தடுக்காது. இது என் வாக்கு."

அன்றும் காற்று அடித்தது. ஆனால் வண்டு தொலைவிலேயே கத்திக்கொண்டு வந்தாள்: "புள்ளிக்காரி நீ! பிளந்த இலைக்காரி அவள்! இனி என்ன குழப்பம்?"

இரண்டு குலத்திலும் விதை பிடித்தது. காற்று அதை வாரி இறைத்தது. அடுத்த வேனிலில், பாறையின் பிளவு முழுக்கக் குஞ்சுச் செடிகள் முட்டிக்கொண்டு நின்றன. அக்காளும் தங்கையும் தலையாட்டிச் சிரித்த சிரிப்பில் மலையே வெள்ளையாகிவிட்டது.

பனிமலைப் பூக்களில் இதழில் செம்புள்ளி இருந்தால் கல்லரசி, வெறும் வெள்ளை இதழும் மூன்றாகப் பிளந்த இலையும் இருந்தால் பாறைமணி என்று ஆனதும், இரண்டும் மண்ணைத் தேடாமல் கல்லைப் பிளந்துகொண்டு நிமிர்ந்து பூப்பதும் அந்த வேனிலில் தொடங்கியதுதான்.